எல்வியோவின் அப்பா செய்த கத்தி

நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவே இல்லை. நீவெஸ் பல்குச்சியை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்துத் தோய்த்து அப்பாவின் கட்டைவிரலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இத்தாலியில், கத்திக்குப் பேர்போன மனியாகோ ஊரில் நாற்பது வருடம் கத்திப் பட்டறைச் சாணைக்கல்லில் நின்ற கை அது. உயிரோடு இருந்தபோதே எந்தச் சோப்புக்கும் மசியவில்லை.

"விடேன்டி. சாமி என்ன நகத்தையா பாக்கப்போறாரு?" என்றாள் பக்கத்து வீட்டு ஜெம்மா. சாவு வீட்டில் காப்பி போடும் பொறுப்பை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டவள்.

"பாத்துட்டுப் போறாரு. சுத்தமா அனுப்பணும்ல?"

பத்து மணிக்குப் பெட்டியை மூட ஆள் வருவான். இப்போது ஒன்பது தாண்டிவிட்டது. அதற்குள் அப்பாவின் சிநேகிதர் எல்வியோ மாமா வரவேண்டும், அவரிடம் அந்தப் பாழாய்ப்போன விஷயத்தைச் சொல்லவேண்டும்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அப்பா மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிவிட்டுச் சொன்னது இவ்வளவுதான். "எல்வியோகிட்ட சொல்லிடு. அவங்கப்பன் கத்திய நான்தான் பண்ணேன்னு. பெட்டிய மூடறதுக்கு முன்னாடி சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்களேன். நாளைக்கு வருவாரு."

"நான் செத்தப்புறம் சொல்லு. உசுரோட இருந்தா அவன் மூஞ்சியப் பாக்கணுமே."

அப்பா ஒலிந்தோ எதற்கும் பயப்படாத ஆள் என்று ஊரே சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்!

கூடத்துச் சுவர் முழுக்க அவருடைய இழுப்பறைகள். உள்ளே பச்சைத் துணிமேல் இருநூற்றுச் சொச்சம் கத்திகள், எல்லாமே விசையைத் தட்டினால் பாய்ந்து திறக்கிற ரகம். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். அவருக்கு ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. இது நேர் அலகு, அது நெளி அலகு, இதற்கு எருமைக்கொம்புப் பிடி, அதற்கு ஆட்டுக்கடாக் கொம்பு, இதில் பொத்தான் இல்லை, நெம்புகோல் என்று நாள் முழுக்கச் சொல்லுவார். எல்லாவற்றையும்விட மூடுகிற விதம் முக்கியம். பழைய கத்திகளில், பிடியின் முதுகோடு ஓடும் எஃகு விற்பட்டையின் நுனி அலகின் அடியில் சின்ன உதடுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதை நகத்தால் தூக்கினால்தான் அலகு மடங்கும். பின்னாளில் வந்தவற்றில் உதடு கிடையாது. உதடு வைத்த கத்தி என்றால் சேகரிக்கிற பித்தர்கள் பெண்டாட்டி பிள்ளையை மறந்துவிடுவார்கள்.

அப்படி ஒன்றைத்தான் எல்வியோவின் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒலிந்தோ கொடுத்தார். ஊதினே நகரத்துப் பழம்பொருள் சந்தையில் கிடைத்ததாம். அலகில் 'பொர்தோலோ' என்று முத்திரை. பொர்தோலோ எல்வியோவின் அப்பா. பையனுக்கு மூன்று வயதாகும்போது அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறிய மனிதர், பிறகு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. புகைப்படங்களை எல்வியோவின் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். அவரும் கத்தி செய்கிறவர் என்பது மட்டும் மிச்சம்.

அந்தக் கத்தியின் உதடு இடதுகைக்காரருக்கு வாகாக ராவப்பட்டிருந்தது. எல்வியோவும் இடதுகை. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் அந்தக் கையை நாற்காலியோடு கட்டிவைத்து வலதுகையால் எழுதப் பழக்கினார்கள். கத்தியைத் திறந்து, நகத்தால் தூக்கி, மூடி, மறுபடி திறந்து, "எனக்கு இந்த எடதுகை எங்கப்பன்கிட்டேர்ந்துதான்டா வந்திருக்கு" என்று ஐம்பத்தைந்து வயது மனிதர் மேசையில் தலைவைத்து அழுதார்.

அதோடு விட்டாரா? கத்தி சேகரிப்பவர் சங்கத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார், அவர்கள் தங்கள் புத்தகத்தில் படம் போட்டார்கள். கீழே பொர்தோலோ என்று பெயர், பெரிய கைவினைஞர் என்று ஒரு வரி. அடுத்த வருடமே பெர்கமோக்காரர் ஒருவர் தன்னிடமும் இரண்டு பொர்தோலோ கத்திகள் இருப்பதாக எழுதினார். செய்தது ஒன்றுதான் என்று தெரிந்த அப்பா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது நீவெஸுக்கு மட்டும் தெரியும்.

ஒன்பதரைக்கு எல்வியோ வந்தார். தொப்பியிலிருந்து மழை சொட்டியது. பெட்டிக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார். கோட்டுக்குள்ளிருந்து கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

"இத அவன்கூட வெச்சுடறேன் நீவெஸ்."

"மாமா, அது உங்கப்பாவோட..."

"எங்கப்பனத் தேடிக் குடுத்தவன் இவன்தானே? போலீஸ்ல என் பேர்ல பதிஞ்சிருக்கு. கேட்டா பொதைச்சுட்டேன்னு சொல்றேன். தோண்டிப் பாத்துக்கட்டும்."

வைத்துவிடட்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. கத்தியும் ரகசியமும் ஒன்றாக மண்ணுக்குள் போய்விடும். ஆனால் அப்பாவின் கட்டைவிரல் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. "மாமா, கொஞ்சம் சமையக்கட்டுக்கு வாங்க" என்றாள்.

ஜெம்மாவைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"அது உங்கப்பா பண்ணது இல்ல மாமா. எங்கப்பா பண்ணது. சந்தையில வாங்கல. ஒரு குளிர்காலம் முழுக்க நிலவறையில உக்காந்து பண்ணாரு. சாகறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

எல்வியோ சிரித்தார். "ஒங்கப்பனுக்குக் கடைசில மருந்து தலைக்கு ஏறிடுச்சு."

"கொம்ப அக்ரூட் தோல் தண்ணில ஊறவெச்சுப் பழசாக்குனது நான். மெருகு போட்டதும் நான்தான்."

அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், யாரும் அணைக்கவில்லை.

"தெரிஞ்சேதானா?"

"தெரிஞ்சேதான் மாமா."

"அப்ப எங்கப்பன் எடதுகை இல்லியா?"

"தெரியாது மாமா. உங்க கைக்கு வாகா இருக்கட்டும்னுதான் எங்கப்பா அப்படி ராவுனாரு."

எல்வியோ பொட்டலத்தைப் பிரித்தார். பொத்தானை அழுத்தினார். அந்தச் சின்னச் சமையலறையில் அலகு பாய்ந்த சத்தம் அறைந்ததுபோல் கேட்டது. இடது கட்டைவிரல் நகத்தால் உதட்டைத் தூக்கி, மெதுவாக மடக்கினார்.

"பத்தொம்பது வருஷமா எனக்கு ஒரு அப்பன் இருந்தான்," என்றார். "இன்னிக்கு ரெண்டு சாவு எனக்கு. ஒன்ன மட்டும் பொதைக்கிறீங்க."

"மன்னிச்சுடுங்க மாமா."

"யார? ஒன்னையா, அவனையா?"

கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். நீவெஸ் உடைந்து அழுதாள். சொன்னதற்கா, இத்தனை நாள் சொல்லாததற்கா, தன் தலையில் கட்டிவிட்டுச் சௌகரியமாகப் படுத்திருக்கிற அப்பாமேல் வந்த ஆத்திரத்துக்கா என்று அவளுக்கே பிரியவில்லை.

பெட்டிக்காரன் திருகாணிகளோடு வந்து நின்றான். "உள்ள ஏதாவது வைக்கணுமா?"

நீவெஸ் எல்வியோவைப் பார்த்தாள். அவர் இடதுகை கோட்டுப் பைக்குள் இருந்தது.

"ஒண்ணும் இல்ல. மூடு" என்றார்.

பெட்டியைத் தூக்கும் நால்வரில் ஒருவராக அவர் பெயர்தான் முதலில் சொல்லியிருந்தது. "தோள் வலிக்குது" என்று அந்த இடத்தை ஜெம்மாவின் கணவருக்குக் கொடுத்துவிட்டார். கோயில்வரை நீவெஸுக்குப் பக்கத்தில், இரண்டடி தள்ளி நடந்தார். குடைக்குள் வரவில்லை. சதுக்கத்தைத் தாண்டும்போது, முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"அந்த முத்திரை கோணலா விழுந்திருக்கு."

"ஆமா மாமா."

"எங்கப்பன் குடிச்சுட்டு அடிச்சிருப்பான், அதான் குடும்பத்தையும் விட்டுட்டுப் போயிருப்பான்னு நெனச்சேன். நெனச்சு மன்னிச்சும் விட்டுட்டேன்."

"குடிக்கல. மூணு தரம் சுத்தியல எடுத்துட்டு மூணு தரம் கீழ வெச்சாரு. நாலாவது தரம் கண்ண மூடிட்டு அடிச்சாரு."

கோயில் படிகளில் ஈரம் வழுக்கியது. ஜெம்மாவின் கணவர் இரண்டாம் படியில் தடுமாற, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. எல்வியோ முன்னால் போனார். அவரை விலக்கிவிட்டுப் பெட்டிக்கடியில் தோளைக் கொடுத்தார். மிச்சப் படிகளையும் ஏறி, பீடத்துக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் இறக்கிவைத்தார். குடும்பத்தாரின் பெஞ்சில் நீவெஸ் நகர்ந்து இடம் விட்டாள்.

அவர் உட்காரவில்லை. பூசை முடியும்வரை, திறந்திருந்த வாசலுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிவிட்டு மழையில் நின்றார்.