மேலே விழுந்துவிடப் பயந்தவன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சாப்பாட்டு வரிசையில். தட்டோடு முன்னால் நின்ற சார்ஜென்ட் மெர்ரின் திரும்பி, "கெல்வின் நேத்து குடை இல்லாம நடந்தான், தெரியுமா?" என்றாள். பாலைவனத்தில் இதெல்லாம் ஒரு சேதியா? எங்கள் ராணுவத் தளத்தில் அன்றைக்கு அதுதான் பெரிய சேதி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தென் ஆஸ்திரேலியாவின் செம்மண் வெளியில், சூரியன் தன்..."

வேண்டாம். சூரியனைப் பற்றிப் படிக்க அங்கே எவருக்கும் பொறுமையில்லை.

2

கெல்வின் பல வருடம் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவன். கையை உயர்த்தினால் கூரை இடிக்கும் இடத்தில் நிம்மதியாகத் தூங்கியவன். ஏவுகணைச் சோதனை வேலைக்காக அவனை எங்களிடம் மாற்றினார்கள். வந்த அன்று வண்டியை விட்டு இறங்கினான், வானத்தைப் பார்த்தான், திரும்ப வண்டிக்குள் ஏறிக்கொண்டான்.

(இங்கே அவனுடைய சிறுவயதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. காரணம் சொன்னால் பயம் சிறுத்துப்போகிறது. எடுத்துவிட்டேன்.)

கொஞ்ச நாள் அறை, அலுவலகம், மறுபடி அறை. பிறகு ஒரு சனிக்கிழமை, கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தான். தலைக்கு மேலே கையகலக் கூரை. கடலிலிருந்து வந்தவனுக்கு 'மீன்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள் வேலியோரம் நின்ற சிப்பாய்கள். சும்மா விடுவார்களா?

"என்ன மீனு, மழை வருதா?"

"வந்தா நனையப்போறது நீங்கதான்டா!"

அந்தப் பதிலிலேயே அவனை எனக்குப் பிடித்துப்போனது. சிரிப்பார்கள் என்று தெரிந்தே வாராவாரம் வந்தான். மெர்ரினும் அவனோடு நடக்கச் சேர்ந்துகொண்டாள். முதலில் வேலி வரை, பிறகு காய்ந்த ஓடை வரை, பிறகு கங்காருக்கள் படுக்கும் மேடு வரை.

3

மேட்டைத் தாண்டிய அன்று, காற்று குடையைப் பறித்துக்கொண்டு போனது.

(முதல் பிரதியில் மெர்ரின் ஓடிப்போய் அதைப் பிடித்துவிடுகிறாள். அவளிடமே கேட்டேன். "அவன விட்டுட்டு நான் எங்க ஓடுறது?" என்றாள். அடித்துவிட்டேன்.)

கெல்வின் குப்புற விழுந்து கற்களைப் பற்றிக்கொண்டான்.

"எழுந்திரு கெல்வின்."

"மாட்டேன். கைய விட்டா மேல விழுந்துருவேன்."

"மேலயா?"

"சிரிக்காத மெர்ரின். நெசமாத்தான்."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் மல்லாந்து படுத்தாள்.

"சரி, ரெண்டு பேருமா விழுவோம். திரும்பிப் படு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா. போறப்ப என்னையும் இழுத்துக்க."

நெடுநேரம் கழித்து அவன் புரண்டான், கண்ணை இறுக மூடியபடி. ஒரு கையில் கல், மறுகையில் அவளுடைய சட்டைக்கை. பிறகு கண்ணைத் திறந்தான்.

அவன் பார்த்ததை எழுத மூன்று முறை முயன்றேன். "எல்லையற்ற நீலத்தில் ஒரு..." "கடலையே தலைகீழாக..." இல்லை. அவன் சொன்னது இவ்வளவுதான்:

"இன்னும் இங்கதான் இருக்கேன்."

4

குளிர்காலத்தில் இருவரும் உப்பு ஏரி வரை நடந்தார்கள். தலைக்கு மேலே எதுவும் இல்லை. பயம் போய்விடவில்லை, பயத்தோடுதான் போனான். அதை நான் கண்ணால் பார்த்தேன். இப்படி ஒரு துணிச்சலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனாலும் கதையை ஏரிக்கரையில் முடிக்க மனம் வரவில்லை. குடை பறந்த அன்று, மேட்டுக்கு அப்பால் முதலில் எழுந்தது யார்? மெர்ரினைக் கேட்டால் "அவன்தான்" என்கிறாள். கெல்வினைக் கேட்டால் "அவதான்" என்கிறான். ஒருவரை எழுப்பிவிட்டு மற்றவரைப் படுக்கவைத்து எழுத என் கை ஓடவில்லை.

என் கதையில் இருவரும் இன்னும் அங்கேயே படுத்திருக்கிறார்கள். வேண்டுமானால் நீங்கள் எழுப்புங்கள். அவசரமில்லை. காற்று அடங்கிவிட்டது, வெயில் தாழ இன்னும் நேரமிருக்கிறது.