கண் பட்டியல் வீடு மாறிய கதை

கிட்ட வாங்க என் செல்லங்களா, விசிறியை இந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். ஒரு பெரிய மனிதரின் அறிவு எவ்வளவு தூரம் போயிற்று என்று சொல்கிறேன். ரொம்ப தூரமில்லை, காப்பி ஆறுவதற்குள் கதை முடிந்துவிடும்.

நம் ஊர்க் கண் மருத்துவமனையில் அறுவைக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் ஒரு பழைய தரவுத்தளத்தில் இருந்தது. மெதுவானது, ஆனால் பொய் சொல்லாதது. அதை இலவசமாகக் கிடைக்கும் புதியதற்கு மாற்ற தலைநகர் ஹவானாவிலிருந்து வந்தார் பொறியாளர் ரெய்னேரியோ.

"ரெண்டுமே அட்டவணைதான் தோழரே! இந்தப் பெட்டித் துணிய அந்தப் பெட்டியில வைக்கிற வேலை."

மருத்துவமனையிலேயே வேலை பார்த்த மைலின் சொன்னாள்: "பழசுல தேதின்னா மணி, நிமிஷம் எல்லாம் உள்ளேயே இருக்கும். புதுசுல தேதின்னா வெறும் நாள்தான். பேரு ஒண்ணு, குணம் வேற. பார்த்து மாத்துங்க தோழர்."

"கடுகை மலையாக்காதே பொண்ணே."

வெள்ளிக்கிழமை மாற்றினார். சனிக்கிழமை பழைய இயந்திரத்தை நகல்கூட வைக்காமல் துடைத்தழித்தார். திங்களன்று சான்றிதழும் கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

பட்டியலில் இருந்த எண்பது பேரும் பிப்ரவரியில் ஒரே காலையில் பதிந்தவர்கள். மணி தொலைந்ததும் யார் முன், யார் பின் என்று புதியதற்குத் தெரியவில்லை. கைக்கு வந்தபடி கொட்டியது.

அந்த வாரம் வந்திருந்த, கண்ணுக்குள் பொருத்தும் லென்சுகளோ பத்துப் பேருக்குத்தான். அடுத்த கப்பல் எப்போது என்று கடலுக்கே தெரியாது. இரு கண்ணிலும் புரை விழுந்த தையல்காரி ஒனேலியா இரண்டாவதாகப் பதிந்தவள். கதவில் ஒட்டிய புதுப் பட்டியலை மைலின் படித்துச் சொன்னாள்: எழுபத்தொன்றாவது இடம்.

"கோழி கூவறதுக்கு முன்னாடி வந்து நின்னவடி நான்!"

"இயந்திரம் தப்பு பண்ணாதும்மா," என்றார் ரெய்னேரியோ.

"அது பண்ணலப்பா. அதுக்கு வெட்கம் இருக்கு."

நம் தீவில் 'கடைசி யாரு?' என்று கேட்காமல் எவராவது வரிசையில் நின்றதுண்டா? முன்னால் நிற்பவரின் முகத்தையும் மனதில் குறித்துக்கொள்வோம். ஒனேலியா கூடத்தில் காத்திருந்தவர்களைப் பார்த்துக் கூவினாள்.

"பிப்ரவரியில எனக்கு முன்னாடி யாரு?"

"நான்தான்," என்றார் பஸ் ஓட்டுநர் டோலன்டினோ.

"எனக்குப் பின்னாடி?"

"நான்! உங்க தைலம் மூக்கைத் துளைச்சுதே, மறப்பேனா?"

"இந்தத் தைல மூக்குக்குப் பின்னாடி நான்."

"பொய்! நடுவுல பச்சைக் குடைக்காரி நின்னா!"

"அந்தக் குடைக்காரியே நான்தான்யா, குடையைத்தான் உங்க கண்ணு பாத்துது, ஆளைப் பாக்கல!"

வராதவர்களுக்கும் சாட்சி இருந்தது. இரண்டு மணி நேரத்தில் எண்பது பேரின் வரிசையும் கோத்த மணிபோல் சேர்ந்துவிட்டது. மைலின் ஒவ்வொருவருக்கும் வரிசை எண் போட்டு, புதிய அட்டவணையில் அதற்கென்றே ஒரு நெடுவரிசை சேர்த்தாள். ரெய்னேரியோ தன் அறிக்கையில் எழுதினார்: "பயனாளர் சரிபார்ப்புக் கட்டம் திட்டமிட்டபடி முடிந்தது."

புதன்கிழமை இரண்டாவது ஆளாக ஒனேலியாவுக்கு அறுவை நடந்தது. கட்டு அவிழ்த்த நாளில் அந்த வழியே போன பொறியாளரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குரலைக் கேட்டு பெரிய ஆளுன்னு நெனச்சிருந்தேன். பாத்தா ஒண்ணுமே இல்லையே!"

கேட்ட உங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி வற்றாதிருக்கட்டும், கூரையைப் புயல் தொடாதிருக்கட்டும், பிள்ளைகள் நிறைந்த வயிற்றோடு உறங்கட்டும்.