பாதியில் எழுந்தவள்

"என் கையால சோறு தின்னவ நீ. எனக்கே பரீட்சை வைக்கிறியேடி!" கைப்பேசித் திரையைத் துடைத்துக்கொண்டே அக்கா பொருமினாள்.

கணுக்கால் சுளுக்கிக் கட்டிலில் கிடந்த தங்கைக்குச் சிரிப்போடு பயமும் வந்தது. நோயாளிகளைக் கவனித்துக்கொள்பவர்கள் கைப்பேசியிலேயே படித்துச் சான்றிதழ் வாங்கும் குட்டிப் படிப்பை வடிவமைத்தவள் அவள்தான். பஸ்ஸில் படிக்கலாம், சாப்பாட்டு வேளையில் படிக்கலாம் என்று தம்பட்டம் அடித்தவளும் அவள்தான். பரீட்சையை மட்டும் குறித்த நேரத்துக்குள் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்; யாரும் பார்த்து எழுதிவிடக் கூடாதே! பாழாய்ப்போன அந்த விதியும் அவள் மூளையில் உதித்ததுதான்.

மருத்துவமனை வார்டில் உதவியாளரான அக்கா இரண்டு முறை தோற்றிருந்தாள். இது கடைசி வாய்ப்பு. கோட்டைவிட்டால் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். நோயாளிகளோடு வாயாடாமல் அக்காவுக்குப் பொழுதே போகாது.

"எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதானே, ஏன்க்கா தோத்தே?"

"என்னமோ, என் நேரம். பேசாம இரு, ஆரம்பிச்சுட்டேன்."

தங்கை வாயை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் புரண்டபோது கால் சுரீரென்று இழுக்க, "அம்மா!" என்று அலறிவிட்டாள். அடுத்த நொடி கைப்பேசி மேசையில் கிடந்தது. அக்கா கட்டிலருகே குனிந்து, தலையணையை மடித்துக் காலுக்கடியில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பரீட்சை!"

"அது கிடக்குது கழுதை. இப்படி வச்சா வலிக்குதா?"

வலி அடங்கியபின் தங்கை கைப்பேசியை எடுத்தாள். நேரம் முடிந்தது, தேர்ச்சி இல்லை என்றது திரை. அதற்கு மேலே பாதியில் நின்ற கேள்வி: 'நோயாளி வலியில் கூப்பிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?'

"போன ரெண்டு தடவையும் இப்படித்தானா?"

"பின்ன? வார்டுல ஒரு தடவை ஒரு பெரியவர் கூப்பிட்டாரு, இன்னொரு தடவை ஒரு பாட்டி. பரீட்சை முடியட்டும்னு எப்படிடி சொல்றது?"

தங்கை படுத்தபடியே தன் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "எழுந்து போனா, பரீட்சையும் நேரமும் விட்ட இடத்துலயே நிக்கணும். நேரம் தீர்ந்து தோத்தவங்க எல்லாருக்கும் மறுபடி வாய்ப்பு."

"காப்பி அடிப்பாங்களே?" என்று இழுத்தார் சக ஊழியர்.

"அவங்க காப்பி அடிக்கப் போகலீங்க. நோயாளிகிட்ட போறாங்க."

அடுத்த வாரம் அக்கா மறுபடி பரீட்சைக்கு உட்கார்ந்தாள். தங்கையின் கால் அநேகமாகச் சரியாகிவிட்டிருந்தது. ஆனாலும் நடுவில், "அக்கா, தண்ணி" என்றாள்.

"உன்னோட பெரிய ரோதனைடி!" திட்டிக்கொண்டே அக்கா சமையலறைக்கு எழுந்து போனாள்.

தங்கை எக்கிப் பார்த்தாள். கேள்வி அப்படியே, அக்கா வரட்டும் என்று காத்திருந்தது.