மேட்டுக்கு இரண்டாவது நடை

சனிக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில், களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் க்ரோகன் வீரர்கள் உட்காரும் டக்அவுட்டின் படியேறி மைதானத்துக்குள் கால் வைத்தபோது, லெனோர் வாசிக் பார்வையாளர் வரிசைகளுக்குப் பின்னால் இருந்த நடைபாதையில் சட்டென்று நின்றாள். பைலட்ஸ் அணியின் பொதுமேலாளரான அவளுக்கு மேலே கண்ணாடி அறையில் ஓர் இருக்கை உண்டு. அணி தோற்கத் தொடங்கிய இந்த மூன்று பருவங்களில் அவள் அதில் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. வேர்க்கடலைத் தோலை மிதித்தபடி நடப்பாள். தூண்களின் இடைவெளிகளில் ஆட்டத்தைத் துண்டுதுண்டாகப் பார்ப்பாள்.

"போகாதீங்க, ஸ்கிப்பர்," என்று வாய்விட்டே சொன்னாள்.

சற்று முன்புதான் பந்துவீச்சுப் பயிற்சியாளர் இஸ்மாயெல் பந்து வீசும் மேட்டுக்குப் போய் இளம் பிட்சர் கோல்பியிடம் பேசிவிட்டு வந்திருந்தான். ஒரே இன்னிங்ஸில் அணியிலிருந்து யாராவது இரண்டாம் முறை மேட்டுக்குப் போனால் பிட்சர் வெளியேறியே ஆகவேண்டும். போனவர் மேனேஜரா, பயிற்சியாளரா என்று விதி பார்ப்பதில்லை. க்ரோகனோ எதுவும் நடவாததுபோல நொண்டியபடி நடந்தார். மைதான ஓரத்து வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டை மட்டும் வழக்கம்போல மிதிக்காமல் தாண்டினார். அதை மிதித்தால் தோல்வி என்பது அவருடைய ஆயுள்கால நம்பிக்கை.

அம்பயர் கையைத் தூக்கினார். கோல்பி வெளியேற, உடம்பு சூடேறாத ஒருவன் அவசரமாக ஓடிவந்து வீசினான். அவன் வீசிய மூன்றாவது பந்து அடிபட்டு வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. ஆட்டம் போயிற்று.

"ஏய் க்ரோகன், மூட்டுக்கு மட்டும்தான் ஆபரேஷனா, தலைக்கும் சேர்த்தே பண்ணிட்டாங்களா?" என்று ஒருவன் கத்தினான்.

"வாயை மூடுடா. மூணு கோப்பை ஜெயிச்சுக் குடுத்த மனுஷன்."

"அந்தக் கோப்பையிலதான் இப்ப எலி குட்டி போடுது!"

லெனோர் மறுபடி நடக்கத் தொடங்கினாள். க்ரோகனின் ஒப்பந்தம் நாளைய கடைசி ஆட்டத்தோடு முடிகிறது. அணியின் உரிமையாளர் ஸ்டாடெக் காலையில் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "வெச்சுக்கலாமா, அனுப்பிடலாமான்னு நாளைக்கு ஆட்டம் தொடங்கறதுக்குள்ள சொல்லிடு. நீ என்ன சொன்னாலும் சரி." அந்தக் கடைசி வாக்கியம்தான் நாள் முழுதும் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

க்ரோகனின் அறைக் கதவு திறந்தே இருந்தது. மூட்டின் மேல் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைக் காகிதக் குவளையில் துப்பிக்கொண்டிருந்தார்.

"உக்காரு."

"வேண்டாம்." அவள் கதவருகேயே நின்றாள். "மறந்துட்டீங்களா, ஸ்கிப்பர்?"

"ஆமான்னு சொன்னா உனக்கு வேலை சுலபமாயிடும், இல்ல?" இன்னொரு தோல் குவளைக்குள் விழுந்தது. "மறக்கல. இஸ்மாயெல் போனதை இந்தக் கண்ணாலதான் பாத்தேன்."

"பின்னே?"

"அவன் போனான், வந்தான். நான் இன்னும் போகலையேன்னு உடம்பு சொல்லுச்சு. எழுந்துட்டேன். அம்பயர் கையைத் தூக்கின பிறகுதான் அவன் போனதும் ஒரு கணக்குன்னு உறைச்சுது."

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிட்சரிடம் பேச அந்த மேட்டுக்கு அவரைத் தவிர வேறு யாரும் நடந்ததில்லை. ஜூன் மாத அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, இனி பேசப் போவது இஸ்மாயெல்தான் என்று ஏற்பாடு செய்தவள் அவளே. அதைக் கருணை என்று நினைத்திருந்தாள்.

"அடுத்த வருஷமும் இஸ்மாயெல்தான் போயாகணும். டாக்டர் சொன்னது உங்களுக்கே தெரியும்."

"அப்ப நான் எதுக்கு? தொப்பி மாட்டறதுக்கு ஓர் ஆணி வேணுமா உனக்கு?" சிரித்தார்; சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "நீ வாங்கிக் குடுத்த பசங்களும் ஒண்ணும் லட்சணமா இல்ல. அதையும் சொல்லி வெக்கறேன்."

"ஒத்துக்கறேன்."

"ஒத்துக்கறியா? நல்லது. அப்ப இன்னும் ஒரு வருஷம் குடு. என்னை நடக்க விடு. முட்டி போனா போகட்டும், என் முட்டிதானே."

லெனோர் கிளம்பிவிட்டாள். மாலை முழுதும் ஆற்றோரமாகக் காரை நிறுத்துவதும் கிளப்புவதுமாக அலைந்தாள். தோல்விகளில் பாதி அவளுடையவை. அதற்காக அவரைத் தண்டிப்பது அநியாயம். ஆனால் அணி இப்போது பலருடைய கால்களில் நடக்கிறது. மற்றவர் நடையை நடையாகவே எண்ணாத ஒருவர் அதை எப்படி வழிநடத்துவார்? பழைய அதிகாரம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தால் கோல்பி போன்றவர்கள் அதற்கு விலை கொடுப்பார்கள். இப்படியே பாதி அதிகாரத்தோடு உட்கார வைத்தாலோ, அவரை வைத்துக்கொண்டதாகப் பெயர் இருக்கும், க்ரோகன் இருக்கமாட்டார்.

ஞாயிறு காலை, புல்லுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். க்ரோகன் டக்அவுட்டின் வேலியில் சாய்ந்து நின்றார். லெனோர் அருகே போனாள்.

"இல்ல, வெண்டெல்," என்றாள். அவரை அவள் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல் முறை.

"ஸ்டாடெக்கிட்ட சொல்லியாச்சா?"

"முதல்ல உங்ககிட்டதான்."

"தப்புப் பண்றே, பொண்ணே."

"இருக்கலாம்."

"இன்னிக்கு ஆட்டம்?"

"முழுசா உங்களுது."

"அப்ப இஸ்மாயெலை உக்காரச் சொல்லு."

"அதை நீங்களே சொல்லுங்க. மேனேஜர் நீங்கதானே."

ஸ்டாடெக்கிடம் பேசி முடித்தபோது அரங்கில் பாதி இருக்கைகள் காலியாகவே இருந்தன. லெனோர் நடக்கத் தொடங்கினாள். ஐந்தாவது இன்னிங்ஸில் பிட்சர் தடுமாற, இஸ்மாயெல் எழ முயன்றான். க்ரோகன் அவன் தோளில் கைவைத்து அழுத்திவிட்டுத் தாமே போனார், பேசினார், திரும்பினார். எதிரணி அடுத்தடுத்து இரண்டு பந்துகளை விளாசியது. அவர் மீண்டும் எழுந்தார்.

"பாத்தியா, கிழவன் இன்னிக்கும் மறந்துட்டான்!" என்று பார்வையாளர் வரிசையில் ஒரு குரல் எழுந்தது.

லெனோர் தூணைப் பிடித்துக்கொண்டாள். வேலிக்கு அப்பால் மாற்றுப் பிட்சர் வெகுநேரமாகவே கையைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். அம்பயர் கையைத் தூக்குமுன்பே க்ரோகன் பிட்சரிடம் பந்துக்காகக் கை நீட்டினார். வாங்கிக்கொண்டு மேட்டிலேயே காத்திருந்தார். மாற்றுப் பிட்சர் வந்ததும் அவன் உள்ளங்கையில் பந்தை அழுத்தி வைத்தார். திரும்பும்போது முட்டி போதிய அளவு உயரவில்லை. பாதம் வெள்ளைக் கோட்டின் மேல் இழுபட்டது. அவர் நிற்கவில்லை.

அடுத்த தூண் இடைவெளிக்கு லெனோர் வந்தபோது அவர் படியில் உட்கார்ந்து ஷூவில் ஒட்டிய சுண்ணாம்பைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். இஸ்மாயெல் எழுந்து நின்று மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.