இரண்டு முனையிலும் பிளக்

தங்கை வீட்டுப் பின்னறையை அளந்து முடிக்க அந்த வயர்மேனுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தொழிலில் அவனுக்கு 'டேப்பு' என்றுதான் பெயர். சுவரைக் கண்ணால் பார்த்து நம்புகிற ஆளில்லை. நான்கு வருடமாகத் தங்கையிடம் மட்டும் வார்த்தையையும் அளந்தே பேசிவந்தான்.

சீருடை தைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. மூன்று தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் தைக்க ஓர் ஓவர்லாக், ஓர் இஸ்திரிப் பெட்டி. துணி வெட்டும் மேசையில் தாளை விரித்து அவன் எழுதினான். இஸ்திரிப் பெட்டி கரண்டுக்குத் தீனிக்காரப் பயல், அதற்குத் தனி லைன். கரண்ட் போனால் விளக்கும் விசிறியும் மெஷின்களும் இன்வெர்ட்டரில் ஓடும். பெட்டியையும் அதில் மாட்டினால் பேட்டரி சீக்கிரமே கையை விரித்துவிடும். அதற்கு ஜெனரேட்டர்தான் சரி.

புருஷன் போனபின் ஒற்றை ஆளாக வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் அவள். எதையும் கேட்காமல் விடமாட்டாள். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தாள்.

"இது எதுக்குண்ணா? ஜெனரேட்டர் வயர சாக்கெட்டுல சொருகினா போதும்னு எதிர்வீட்டுல சொல்றாங்களே."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். தெருக் கரண்ட் வீட்டுக்குள் வரலாம், இல்லையென்றால் ஜெனரேட்டர் கரண்ட் வரலாம். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வது அந்த சுவிட்ச் என்றான். அது இல்லாமல் சாக்கெட்டில் சொருகினால், ஜெனரேட்டர் கரண்ட், தெருக் கரண்ட் வரும் வழியாகவே தெருக் கம்பிக்குப் போய்விடும். லைனை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறியிருப்பவனுக்கு அது தெரியாது.

அவள் கை தாளிலேயே நின்றது. அவள் புருஷன் லைன்மேன். நான்கு வருடத்துக்கு முன் லைனைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டு, ஒரு பேக்கரிக்குப் பின்னாலிருந்த கம்பத்தில் ஏறி, உயிரோடு இறங்காதவன். எந்த வீட்டு ஜெனரேட்டரோ தெரியவில்லை என்று சொல்லி அலுவலகத்தில் கோப்பை மூடிவிட்டார்கள்.

"அவருக்கும் இப்படித்தானா?"

ஆமாம் என்று சொல்லி அவன் தப்பித்திருக்கலாம். மாப்பிள்ளை என்ற முறையையும் தாண்டி அவனுக்கு உயிர் சிநேகிதன் அந்த மனுஷன். இத்தனை நாள் மென்று விழுங்கியது அதற்குமேல் உள்ளே இறங்க மறுத்தது.

"பேக்கரிக்கு அந்த வயர கட்டிக் குடுத்தது நான்தாம்மா. ரெண்டு முனையிலயும் பிளக் வெச்சு, ஒண்ணு ஜெனரேட்டருக்கு, இன்னொண்ணு செவுத்து சாக்கெட்டுக்கு. மெயின ஆஃப் பண்ணிட்டு மாட்டுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அன்னைக்கு மறந்துட்டாங்க."

அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அழுதாள். அவன் பக்கத்தில் போகவும் துணியாமல், வெளியேறவும் துணியாமல் நின்றான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த மாதிரி வயரு எத்தனை கட்டிக் குடுத்திருக்க?"

நான்கு வருடமும் அந்த ஒரு வயரை நினைத்தே அவன் தூக்கம் கெட்டிருந்தான். அதற்குப்பின் ஒன்றுகூடக் கட்டவில்லை என்பதில் ஓர் ஆறுதலும் இருந்தது. கொடுத்தவற்றைத் திருப்பி வாங்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. மாவு மில், அச்சகம், பின்தெருவில் இரண்டு வீடு என்று விரல்விட்டு எண்ணினான். ஒரு கை போதவில்லை.

"ஒம்பது இருக்கும்" என்றான்.

"எல்லாம் இன்னும் அங்கதான் இருக்கா?"

"இருக்கும்மா" என்றான்.

"போய் அதையெல்லாம் வாங்கிட்டு வாண்ணா. நாளைக்குக் கம்பத்துல ஏறுறவனுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பா. உன்னை மன்னிக்கிறதா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்."