சாம்பல் குதிரைக்காரனின் பெயர்

புருல் கதாநாயகனின் பெயரை முழுங்குகிறாள் என்று முதல் வாரமே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துபோனது. நாரின் மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன வானொலியில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது தனக்குப் பிடித்த புத்தகத்தை நேரடியாக வாசிப்பார்கள். போன வருஷம் கால்நடை மருத்துவர் ஒரு துப்பறியும் கதையை வாசித்து எல்லோரையும் தூங்க வைத்தார். இந்த முறை புருல். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் தலைமாட்டில் கிடக்கிற நாவல். ஒருவன் குதிரையைத் திருடிக்கொண்டு ஓடுகிறான், அவனைப் பெற்றவள் மலை மலையாகத் தேடுகிறாள். புத்தகத்தில் அவனுக்கு நல்ல பெயர் இருக்கிறது. புருல் மட்டும் 'சாம்பல் குதிரைக்காரன்' என்றே வாசித்தாள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. ஆக, அது அவள் மாமனாரின் பெயர், இல்லையென்றால் அவருடைய இரண்டு தம்பிகளில் ஒருவருடையது. அந்தப் புத்தகம் ஊரில் வேறு யாரிடமும் இல்லாததால், யாருடையது என்பதுதான் ஊருக்குத் தலை வெடித்தது. கடைத்தெருவில் பந்தயமே கட்டினார்கள். கதையில் அவன் ஓநாயை வெறுங்கையால் அடித்த வாரம் தம்பிகள் இருவரும் அது நான்தான் என்று மார்தட்டினார்கள். குதிரையைத் திருடிய வாரம் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். மாமனார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வானொலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அந்த மௌனம்தான் புருலை அரித்தது. ஏனென்றால் எசெங்குல் என்ற அந்தப் பெயர் அவருடையதேதான்.

கடைசி அத்தியாயம் வந்தது. ஆற்றில் வெள்ளம். இந்தக் கரையில் அம்மா, அந்தக் கரையில் மகன். அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு கூப்பிடலுக்காகத்தான் புருல் இத்தனை வருஷமாக அந்தப் புத்தகத்தை விடாமல் வைத்திருந்தாள். பெற்றவள் போய் மகனைச் சாம்பல் குதிரைக்காரா என்று கூப்பிடுவாளா? ஊரே சிரிக்கும். பெயரைச் சொன்னாலோ, ஊர் கேட்க மாமனாரை அவமதித்ததாகும். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் குபாத், வேறு ஏதாவது பெயரைப் போட்டு வாசித்துவிட்டுப் போங்கள் அக்கா, யாருக்குத் தெரியப்போகிறது என்றான். அவளுக்குத் தெரியுமே.

அந்த வரி வரைக்கும் வாசித்தாள். அப்புறம் நின்றுவிட்டாள். குபாத் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் கையை ஆட்டினான். அப்போது தொலைபேசி அடித்தது. யார் என்று கேட்டவன் ஒரு கணம் யோசித்துவிட்டு, அதை அப்படியே ஒலிபரப்பில் விட்டான்.

"ஏம்மா நிறுத்திட்ட?" மாமனாரின் குரல்.

"வாய் வர மாட்டேங்குது மாமா."

"என் பேரா, தம்பிங்க பேரா?"

"மூத்தவங்க பேருதான்."

மடியிலிருந்த வானொலிப் பெட்டியை அவர் கீழே இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"உங்க அத்தை கடைசி வரைக்கும் அந்தப் பேரைச் சொன்னதில்ல. தம்பிங்களுக்கு நான் அண்ணன், ஊருக்குப் பெரியவர். எங்கம்மா போனதுக்கப்புறம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லம்மா. நானே சொல்றேன், வாசி."

புருல் புத்தகத்தைப் பார்த்தபடி, தனக்கே கேட்காத குரலில் வாசித்தாள். "எசெங்குல்."

"அவன் ஆத்துக்கு அந்தாண்ட நிக்கிறான். இது அவனுக்குக் கேக்குமா?"

அவளுக்குப் பயம் போய் அழுகை வந்திருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வெள்ளத்தின் இரைச்சலைத் தாண்ட வேண்டும் என்பதுபோல அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். "எசெங்குல்!"

"இதோ வரேம்மா" என்று தொலைபேசியில் மெதுவாகக் கேட்டது.

புத்தகத்தில் அந்த இடத்தில் மகன் பதிலே சொல்வதில்லை.