துடக்கு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு யூல்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சத்தை நீங்கள் நம்புவீர்கள் என்று எனக்கொரு நப்பாசை.

டிசம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை. பக்கத்து வீட்டுத் துஷாந்தனைத் தகனம் செய்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அவனுடைய சித்தப்பா விஜயரத்தினம் அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்டிலை ஏதோ கொண்டாட்டமாம்? கொம்பு வைச்ச வெள்ளையள் வருவினமாம் எண்டு சனம் கதைக்குது."

"சீச்சீ. நாலு பேர் தேத்தண்ணி குடிக்க வருகினம், அண்ணை. அவ்வளவுதான்."

நாலு பேர் அல்ல, பதினொரு பேர். தேத்தண்ணி அல்ல, யூல். வருடத்தின் மிகச் சின்னப் பகலன்று நெருப்பு மூட்டி, போன சூரியனைத் திரும்பக் கூப்பிடும் நாள். இந்த இங்கிலாந்தில் கிறிஸ்தவம் வருமுன் இருந்த வழிபாட்டைப் பேகன்கள் என்று சொல்லிக்கொள்ளும் சிலர் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கொம்பு விஷயத்தில் மட்டும் சனம் சொன்னது உண்மை. ஒருவர் வைத்திருப்பார்.

தொலைபேசியை வைத்த கையோடு கணினியைத் திறந்து எழுதத் தொடங்கினேன். ஆக, இது முதலில் கதை அல்ல; சொன்ன பொய்க்கு ஒரு சாட்டு.

2

முதல் வரைவில் நான் இல்லை. வத்சலா இருந்தாள்.

வத்சலா விம்பிள்டன்காரி. தஞ்சாவூர்ப் பக்கம், ஐ.டி. வேலை, கணவன் பெயர் சேஷாத்ரி. நான் இருக்கும் தோர்ண்டன் ஹீத்தில் ஒருவரும் என்னை அடையாளம் காணக்கூடாது என்றுதான் அவளைப் படைத்தேன். தொடக்கம் இப்படி:

பனி மூடிய தோட்டத்தை ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த வத்சலாவுக்கு, இழப்பு என்பது ஒரு

ஒரு என்ன? தெரியவில்லை. அந்தக் கிழமை தென் லண்டனில் பனியும் இல்லை, வெறும் தூறல். விட்டுவிட்டேன். இரண்டாம் தொடக்கம்:

"பார்ட்டியை கேன்சல் பண்ணிடலாமா?" என்று சேஷாத்ரி கேட்டான். "ஆமா, பண்ணிடலாம்" என்றாள் வத்சலா. "ஓம், அதுதான் மரியாதை"

பாருங்கள். இரண்டாவது வசனத்திலேயே அவள் வாயில் ஆமாவுக்குப் பதில் என் ஓம் வந்து குந்திவிட்டது. அதைத் திருத்தலாம். திருத்த முடியாத குறை வேறு: வத்சலா உடனே ரத்துச் செய்துவிடுகிறாள். அவள் நல்லவள். துக்க வீட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டமாட்டாள். கதை அங்கேயே படுத்துவிடுகிறது. நான் அவ்வளவு நல்லவள் அல்ல. அவளை விம்பிள்டனுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

3

என் பெயர் ஜெயகௌரி. வயது ஐம்பத்திரண்டு. பஸ் கராஜ் ஒன்றில் சாரதிகளுக்கு ஷிப்ட் போடும் வேலை. ஆறு வருடங்களுக்கு முன், காட்டுக் கீரை பிடுங்கப் பழக்குகிறார்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். கீரை கொஞ்சம்தான் கிடைத்தது. பேகன்கள் நிறையக் கிடைத்தார்கள். அவர்களை நான் "வட்டம்" என்பேன். கோயிலுக்கும் போகிறேன், வட்டத்துக்கும் போகிறேன். இரண்டு இடத்திலும் கற்பூரமோ கட்டையோ ஏதோ ஒன்று எரிகிறது. எனக்கு அது போதும்.

யூல் ஒவ்வொரு வருடமும் ஒருவர் வீட்டில் முறை வைத்து நடக்கும். இந்த வருடம் என் முறை.

துஷாந்தன் எலக்ட்ரீசியன். சுவிஸிலிருந்து குடும்பத்தோடு வந்தவன். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் வயரிங் அவன் கை. பியூஸ் போனால் சனம் அவனைத்தான் கூப்பிடும். அவனும் சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு ஓடிவருவான். நவம்பர் கடைசியில், நாற்பத்து மூன்று வயதில், மாரடைப்பு. பிரேத பரிசோதனை முடிந்து உடலைக் கையில் தர இரண்டரைக் கிழமை ஆகிவிட்டது. தெருவே செத்தவீடாகிவிட்டது. கடைக்குப் போனாலும் சனம் குரலைத் தாழ்த்தித்தான் கறிவேப்பிலை கேட்டது.

அவன் மனைவி சாருஜா பதினான்கு வருடமாக என் பக்கத்து வீடு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே மிளகாய் பொரித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். பிள்ளை இல்லாத எனக்கும் தங்கச்சி இல்லாத எனக்கும், அந்த இரண்டு இடத்திலும் அவள்தான். அவள் மனம் நொந்து என்னோடு பேசாமல் விட்டால் எனக்கு இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. இதுதான் என் பயம். மற்றதெல்லாம் அலங்காரம்.

அப்படியானால் ஏன் ரத்துச் செய்யவில்லை? பிரையன் என்று ஒருவர் வட்டத்தில் இருக்கிறார். குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொம்புத் தொப்பி அவருடையதுதான். ஒக்டோபரில் மனைவியைப் புதைத்தவர். "ஞாயிறு நடக்குமா?" என்று மூன்று தரம் செய்தி அனுப்பியிருந்தார். மூன்றாவதில் கேள்விக்குறி மட்டும்தான் இருந்தது.

(உண்மையைச் சொன்னால், பிரையனை இங்கே கொஞ்சம் கூடுதலாகவே சாட்டாக்குகிறேன். எனக்கும் ஆசை இருந்தது. ஆறு வருடம் காத்திருந்த முறை.)

கடைசியில் கோழைத்தனமாக ஒரு நடுவழி பிடித்தேன். யூல் நடக்கும். ஆனால் மேளம் இல்லை, பாட்டு இல்லை, எல்லாரும் குசுகுசுத்துத்தான் பேச வேண்டும்.

4

இந்தப் பகுதியில் துடக்கை, அதாவது சாவுத் தீட்டைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று இருந்தது. வாசித்த நண்பி கொட்டாவி விட்டாள். நீக்கிவிட்டேன். உங்களுக்குத் தேவை இவ்வளவுதான்: சாவு நடந்த வீட்டார் முப்பத்தொரு நாள் கோயிலுக்கும் நல்லது நடக்கிற வீட்டுக்கும் போவதில்லை. போய்க் கலந்தால் அந்த வீட்டுக்கும் துடக்கு.

5

ஞாயிற்றுக்கிழமை சூரியன் மூன்று ஐம்பத்து மூன்றுக்கு மறைந்தது. லண்டனில் டிசம்பர் அப்படித்தான். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி முடிக்குமுன் இருட்டிவிடும்.

பின்தோட்டத்தில் பழைய வாஷிங் மெஷினின் உருளைதான் எங்கள் அடுப்பு. அதைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றோம். பிரையன் மேளத்தைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பறித்து நடையில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டில் எல்லா லைட்டையும் அணைத்தோம்.

எங்கள் வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் இழந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு சுள்ளியை நெருப்பில் போட வேண்டும். மற்றவர்கள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்வார்கள். வழக்கமாக உரத்து. அன்று, என் கட்டளைப்படி, மூச்சுக் காற்றில்.

"மோரீன்" என்று பிரையன் குசுகுசுத்தார். "மோரீன்" என்று நாங்களும் குசுகுசுத்தோம். பெற்றோருக்குத் தெரியாமல் கள்ளப்படம் பார்க்கும் பிள்ளைகள் மாதிரி இருந்தது. அந்த மனிதனின் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

அப்போது வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

சாருஜா. தன் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வைத்து ஏறி நின்றாள். வெள்ளைச் சேலை, அதற்கு மேல் துஷாந்தனின் வேலை ஜாக்கெட்.

தண்ணீர் வாளியைத் தூக்கினேன். "சாரு, மன்னிச்சுக்கொள்ளடா. இப்பவே நெருப்பை நூத்துப்போடுறன்."

"நூக்காதேங்கோ அக்கா. உங்கட நெருப்பு மணந்துதான் வந்தனான்." மூக்கை உறிஞ்சினாள். "மூண்டு கிழமையா என்னை ஒரு கதிரையிலை இருத்தி வைச்சு எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினம். எனக்கு ஏலாது அக்கா. துடக்கோட வரலாமோ?"

இங்கே எனக்கு ஒரு பெரிய வசனம் எழுதிக்கொள்ள ஆசை. மூன்று வசனம் எழுதியும் பார்த்தேன். ஒன்றில் நான் ஞானிபோலப் பேசினேன். உண்மையில் நான் சொன்னது, "சேலையைத் தூக்கிப் பிடி, ஆணி இருக்கு."

பிரையன் கையைக் கொடுத்து அவளை இறக்கினார்.

6

வாசகரே, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கெட்டித்தனமான எழுத்தாளர் என்றால் இதை முதலாம் பகுதியிலேயே நட்டு வைத்திருப்பார். நான் இப்போதுதான் சொல்கிறேன், ஏனென்றால் அன்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

சாருஜா தன் புருஷனின் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நேரில் "இஞ்சேருங்கோ". எங்களிடம் "இவர்". காஸ் கொம்பனிக்காரன் தொலைபேசியில் பெயர் கேட்டால் எழுத்தெழுத்தாக ஸ்பெல் பண்ணுவாள், சேர்த்துச் சொல்லமாட்டாள். டாக்டரின் வரவேற்பு மேசையில் துண்டில் எழுதி நீட்டுவாள். நான் எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறேன். தாய் பழக்கினது, அப்படியே வந்துவிட்டது என்பாள்.

அவளுடைய முறை வந்தது. சுள்ளி அவள் கையில். வட்டத்துக்கு இது ஒன்றும் தெரியாது; பொறுமையாக நின்றார்கள்.

"து" என்றாள். நின்றுவிட்டாள்.

(இந்த இடத்தில் நான் சொல்லிக் கொடுத்ததாக ஒரு வரைவு இருக்கிறது. அது பொய்.)

"து..." மறுபடியும். பிறகு சுள்ளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, என் கட்டளை, தெரு, சித்தப்பா, தாய் பழக்கிய பழக்கம் எல்லாவற்றையும் மீறி, தொண்டை கிழியக் கத்தினாள்:

"துஷாந்தன்!"

ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் நாயொன்று குரைத்தது. வட்டம் ஒரு கணம் என்னைப் பார்த்தது. நான் தலையசைத்தேன். அவ்வளவுதான், பதினொரு வெள்ளைக்காரரும் மார்பு நிறைய மூச்செடுத்து, "டூஷாண்டன்!" என்று முழங்கினார்கள். உச்சரிப்புப் படுமோசம். அதைவிட அழகாக அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. சாருஜா அழுதாள், சிரித்தாள், இன்னொரு தரம் கத்தினாள். இத்தனை வருடக் கடனை ஒரே மூச்சில் தீர்ப்பவளைப் போல விடாமல் கத்தினாள். எனக்கு நெஞ்சு வெடிக்கும் போலிருந்தது, சந்தோஷத்தில்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

7

பக்கத்து வீட்டின் பின்கதவு திறந்தது. லைட் வெளிச்சத்தில் நகுலேஸ்வரி மாமி நின்றார். துஷாந்தனின் தாய். அவருக்குப் பின்னால் துக்கத்துக்கு வந்திருந்த சனம்.

கொம்புத் தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று பிரையன் தடுமாறினார்.

"ஆர் என்ர பிள்ளையின்ர பேர் சொன்னது?"

"நான்தான், மாமி" என்றாள் சாருஜா.

மாமி ஈரப் புல்லில் வெறுங்காலோடு வேலியடிக்கு வந்தார். அவருக்கு வேலி மூக்கு மட்டம்.

"இன்னொருக்காச் சொல்லு, பிள்ளை. மூண்டு கிழமையா அந்த வீட்டிலை ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்லேல்லை. ஆஸ்பத்திரியிலை இருந்து பொடி எப்ப வருகுது எண்டினம். பிறகு அமரர் எண்டினம். நானே அவனுக்கு அமரர் எண்டு பேர் வைச்சனான்?"

சாருஜா சொன்னாள். வட்டம் சொன்னது. மாமி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நானும் அங்கை வரவேணும்" என்றார்.

எழுபது வயது, இரண்டு முழங்காலும் வருத்தம். கதிரையில் ஏற முடியாது. வாசலால் சுற்றி வரச் சொல்லலாம் என்று நான் யோசிக்குமுன் பிரையன் வேலியைத் தட்டிப் பார்த்தார். லண்டன் வேலிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: சீமெந்துத் தூணின் பள்ளத்தில் மேலிருந்து இறக்கிய பலகை. தூணோடு அதை அறைந்த ஆணி ஒன்றும் இல்லை. அவரும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் பிடித்து, "ஒன்று, இரண்டு" என்று மேலே உருவி, பலகையை என் சுவரில் சாய்த்து வைத்தார்கள். ஆறடி அகலத்துக்கு வேலி இல்லை. இரண்டு தோட்டமும் ஒன்றாகிவிட்டது.

மாமி நடந்து வந்தார். ஒரு சுள்ளியை எடுத்தார். அவருக்குப் பின்னால் சனம் ஒவ்வொருவராக வந்தது. அவர்கள் வீட்டு லைட்டுகளை யார் போட்டுக் கொடுத்தது என்பதை அவர்களும் மறக்கவில்லை. யாரோ நடையிலிருந்து மேளத்தை எடுத்து வந்தார்கள். நான் தடுக்கவில்லை. பிரையன் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் திரும்பி, "இவற்ற மனுசி மோரீனாம்! அவவையும் சொல்லுங்கோ!" என்று தமிழில் அறிவித்தாள். முப்பது தொண்டையில் மோரீன் ஒலித்தாள். பிரையன் கொம்போடு சேர்த்துத் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்.

8

முடிவு (அ): விஜயரத்தினம் அண்ணை வந்து, மனம் மாறி, ஒரு சுள்ளியை எடுக்கிறார். மிக அழகு. அதனால்தான் கை வரவில்லை.

முடிவு (ஆ): ஊர் என்னைத் தள்ளி வைக்கிறது, நான் தனியே நின்று சாம்பலைக் கிளறுகிறேன். இதை எழுதினால் விமர்சகர்கள் மெச்சுவார்கள். ஆனால் அன்று நாங்கள் தோற்கவில்லை. தோற்றதாக எழுத எனக்கு மனமில்லை.

நடந்தது இது. விஜயரத்தினம் அண்ணை அவர்கள் பக்கப் புல்லில், பலகை இருந்த இடத்துக்கு ஓரடி தள்ளி வந்து நின்றார். எங்கள் எல்லாரையும் பார்த்தார். அண்ணன் மனைவியையும் மருமகளையும் பார்த்தார்.

"பலகையைப் போடுங்கோ" என்றார். "சனம் பாக்குது."

ஒருவரும் அசையவில்லை. பார்க்கிற சனம் முழுக்க இந்தப் பக்கம்தான் நின்றது.

இதற்குமேல் அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அண்ணை இதை வாசிப்பார். தன்னுடைய முடிவை எழுத அவருக்கு உரிமை இருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லக்கூடியது இன்றைய நிலவரம் மட்டும்: ஜனவரி பிறந்துவிட்டது, துடக்கு கழிந்துவிட்டது, பலகை இன்னும் என் சுவரில் சாய்ந்தபடி மழையில் நனைகிறது.

அதைத் திருப்பிப் போடுவதுதான் முறை என்று நினைக்கும் வாசகர் தாராளமாக வரலாம். ஓர் ஆளால் தூக்க முடியாது, நல்ல கனம். மற்றப் பக்கத்தைப் பிடிக்க நான் வரமாட்டேன். நகுலேஸ்வரி மாமியைக் கேட்டுப் பாருங்கள்.